ஒன்பதாவது ஆள்

கோதுமை கொட்ட ஆரம்பித்தபோது மணி மூன்று ஆகியிருக்க வேண்டும் என்று தெய்வநாயகம் நினைத்தார். திரையில் ஒரு பருத்த மனிதர், மாவுமில் முதலாளியாம், அடித்தள அறையில் அகப்பட்டுக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறார். கூரையில் ஓர் ஓட்டை, அதன் வழியாகக் கோதுமை இறங்குகிறது. முழங்கால் வந்தது, இடுப்பு வந்தது. பக்கத்திலேயே ஏணி சாத்தி வைத்திருக்கிறது, நன்றாகத் தெரிகிறது, ஏறினால் நாலு படி. ஆனாலும் மனிதர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஏணிக்கு முதுகைக் காட்டியபடியே அலறி அலறி மூழ்குகிறார். முன்வரிசையில் கல்லூரிப் பிள்ளைகள் ஒரு கூட்டமாக வந்திருந்தார்கள். “சார், பின்னாடி ஏணி இருக்கு சார்” என்று ஒரு பெண் கத்தினாள், தியேட்டரே சிரித்தது. பன்னிரண்டு வயதில் இதே இடத்தில் தெய்வநாயகம் அண்ணனின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. அப்போது ஏணி கண்ணில் படவில்லை. பட்டிருந்தால் நாற்பத்தாறு வருஷம் கோதுமை மூட்டையைக் கண்டாலே ஒரு மாதிரி இருந்திருக்காது. கைக்கடிகாரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மூன்று ஐந்து. அப்படியென்றால் வந்திருப்பார்கள், கேட்டுக்குள் நுழைந்திருப்பார்கள், எந்த வீட்டில் ஏறலாம் என்று நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

விருதுநகரிலிருந்து மாப்பிள்ளையின் பெரியப்பாவும் தாய்மாமனும் மூன்று மணிக்கு வருகிறார்கள் என்று தரகர் நேற்றே சொல்லிவிட்டார். வீட்டுக்கு இல்லை. வீட்டுக்கு வந்து, பஜ்ஜி தின்று, பையனும் மகள் சிந்துஜாவும் மொட்டைமாடியில் கால்மணி நேரம் பேசி, இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், அதெல்லாம் போன மாதமே முடிந்தது. இது விசாரிக்க வருவது. காம்பவுண்டுக்குள் பெண் வீட்டை விட்டுவிட்டு மற்ற வீடுகளில் ஏறி, ஒரு வாய் தண்ணீர் கேட்கிற சாக்கில், அந்தப் பொண்ணு எப்படி, அப்பா அம்மா எப்படி, எதுவும் பேச்சு இருக்கா என்று கேட்டுவிட்டுப் போவார்கள். பெண் வீட்டுக்கு இது தெரியும், தெரியாத மாதிரி இருக்க வேண்டும். மனைவி ரத்தினாவதி காலையிலிருந்தே தெரியாத மாதிரி இருப்பதற்கான ஏற்பாடுகளைச் செய்துகொண்டிருந்தாள், வாசலில் இரண்டு தரம் கோலம் போட்டாள். பிறகு இவரைப் பார்த்து, “நீங்க கேட்டுப் பக்கம் நின்னா உங்க மூஞ்சியே போதும், என்னமோ இருக்குன்னு நெனச்சுக்கிருவாங்க. எங்கயாச்சும் போயிட்டு ஆறு மணிக்கு வாங்க” என்றாள். எங்கே போவது? ஞாயிற்றுக்கிழமை, ஆனி மாதக் காற்று மண்ணை வாரி அடிக்கிறது, பார்க்கில் உட்கார முடியாது. பஸ் ஸ்டாண்டுக்கு அருகே இந்தப் பழைய படத்தின் சுவரொட்டியைப் பார்த்தார். “ஒன்பது தானியம்”, புதுப் பிரதி, பாதிக் கட்டணம். பாதி முகம் வெந்துபோன ஜோசியர் சுவரொட்டியிலிருந்து இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு இடம் இல்லாததால்தான் உள்ளே வந்தேன் என்று சொல்லிக்கொண்டார். வேறு இடம் இல்லாதவர்கள் எல்லாரும் இந்தப் படத்துக்கு வந்துவிடவில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

கதை லேசானது. ஜோசியரின் ஒரே மகள் செண்பகத்துக்கு வரன் வருகிறது, மாப்பிள்ளை வீட்டார் ஊரில் விசாரிக்கிறார்கள், ஒன்பது பேரைக் கேட்கிறார்கள். எட்டுப் பேர் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், வரன் போய்விடுகிறது, பெண் தெப்பக்குளத்தில் விழுந்து விடுகிறாள். ஜோசியர் தன் வீட்டுக்குத் தானே தீ வைத்துக்கொண்டு செத்துப்போனதாக ஊர் நினைக்கிறது. ஆனால் அவர் மலைக்குகையில் ஹார்மோனியம் வாசித்துக்கொண்டு, ஊஞ்சலில் செண்பகத்தைப் போல் ஒரு பொம்மையை உட்கார வைத்து ஆட்டிக்கொண்டு, ஒன்பது கிரகத்துக்கும் உரிய தானியங்களைக் குடுவை குடுவையாக அடுக்கி வைத்துக்கொண்டு இருக்கிறார். சூரியனுக்குக் கோதுமை, முதல் ஆள் கோதுமையில் போனான். சந்திரனுக்கு நெல். இரண்டாவது ஆளை இப்போது நெல் அவிக்கிற அண்டாவுக்குள் கயிற்றில் கட்டி இறக்கிக்கொண்டிருக்கிறார். அண்டாவிலிருந்து வருகிற ஆவி ஒரு பக்கமாக மட்டும் வருகிறது, யாரோ ஓரமாக உட்கார்ந்து சாம்பிராணி போடுகிறார்கள் போலிருக்கிறது. ஊஞ்சல் பொம்மையைப் பிடித்திழுக்கிற கயிறுகூடத் தெரிகிறது. பிள்ளைகள் ஒவ்வொன்றையும் கண்டுபிடித்துச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஒன்பது பேரைக் கொல்ல ஒரு மனிதன் இவ்வளவு சிரமப்படுவானா, சும்மா பிடித்துத் தள்ளினால் ஆகாதா என்று தெய்வநாயகத்துக்கே தோன்றியது. ஆனால் சிரிப்பு வரவில்லை. ஏழு வீட்டில் எந்த வீட்டில் ஏறினாலும் பரவாயில்லை, கேட்டை ஒட்டி இருக்கிற அந்த மாடிப்படியில் மட்டும் ஏறிவிடக் கூடாது. மேல்வீட்டு மங்களாவைக் கேட்டுவிடக் கூடாது. ஆனால் கேட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது அந்தப் படிதான்.

அதே கேட்டில்தான் முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் இவர் சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டிருந்தார். இருபத்தேழு வயது. பஞ்சு மில்லில் டைம்கீப்பர் வேலை, அம்மாவோடு குடித்தனம். அருப்புக்கோட்டைக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். குடை வைத்திருந்த பெரியவர், “தம்பி, மேல்வீட்டு சுந்தரமூர்த்தி வாத்தியார் மகள் மங்களேஸ்வரின்னு... உங்களுக்குப் பழக்கமா? பிள்ளை எப்படி?” என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். நல்ல பொண்ணுங்க என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? தெய்வநாயகம் கையைத் துடைத்தார். எண்ணெய்க் கை, துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார், நகத்திடுக்கில்கூடத் துடைத்தார். அந்த இரண்டு பேரும் காத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு, “அதெல்லாம் நான் சொல்லக் கூடாதுங்க” என்றார். பெரியவர் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, “சொல்லக் கூடாதுன்னா?” என்றார். “இல்ல... ஒரே காம்பவுண்டுல இருக்கோம். தப்பா எடுத்துக்கிருவாங்க.” பெரியவர் தலையை ஆட்டினார். அடுத்த வீட்டில் அவர்கள் ஏறவில்லை. வந்த வழியே போய்விட்டார்கள். ஏன் அப்படிச் சொன்னேன்? வாலிபன் ஒருவன் வயசுப் பெண்ணைப் பற்றிப் பேசக் கூடாது என்ற அடக்கம்தான் என்று முதல் பத்து வருஷம் சொல்லிக்கொண்டார். வாத்தியாரிடம் பயம், ஏதாவது சொல்லப்போய் அவர் காதுக்கு எட்டினால் என்னாவது, என்று அடுத்த பத்து வருஷம். பிறகு காரணம் சொல்வதை விட்டுவிட்டார். சொல்லக் கூடாதுங்க. இதில் என்ன பொய் இருக்கிறது? ஒரு பொய்யும் இல்லை. அவளைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை இல்லை. கோர்ட்டுக்கே போனாலும் தெய்வநாயகத்தின் மேல் ஒரு குற்றமும் நிற்காது. அருப்புக்கோட்டையில் அதற்கப்புறம் என்ன பேசிக்கொண்டார்களோ, அடுத்து வந்த ராஜபாளையத்து வரன், கேட்டில் யாரையும் கேட்காமலேயே திரும்பிவிட்டது. அந்தப் பொண்ணு விசயத்துல என்னமோ இருக்காம் என்பது ஊருக்கு ஊர் தானாகவே நடந்து போயிற்று. என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது, ஆகையால் மறுக்கவும் யாராலும் முடியவில்லை. நாலு வருஷத்தில் வாத்தியார் போய்ச் சேர்ந்தார். மங்களாவுக்கு அவர் பள்ளிக்கூடத்திலேயே ஆபீஸில் ஒரு வேலை கிடைத்தது. அவள் குளத்தில் விழவில்லை. விழவில்லையே என்று தெய்வநாயகம் எத்தனையோ தடவை ஆறுதல் பட்டிருக்கிறார். பிறகு அப்படி ஆறுதல் பட்டதற்காகக் கூசியிருக்கிறார்.

மூன்றாவது ஆள் துவரையில் போய்விட்டான், நாலாவது ஆளைப் பச்சைப்பயறு நிரப்பிய பீப்பாய்க்குள் போட்டு மூடித் தண்ணீர் ஊற்றிவிட்டார் ஜோசியர். பயறு ஊறி ஊறிப் பெருத்துப் பீப்பாய் வெடிக்க வேண்டும். ஒரு ராத்திரி முழுக்க ஊற வேண்டுமே என்று பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள். “அதுக்குள்ள முளை கட்டிரும்டி, சுண்டல் பண்ணிரலாம்.” சுண்டல் என்றதும் சிந்துஜா வந்துவிட்டாள். நவராத்திரிக்கு மங்களா மாடியில் கொலு வைப்பாள், நாலு வயதிலிருந்து சிந்துஜாதான் மேல்படியில் பொம்மை வைக்கிற ஆள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தன் வீட்டில் பையை எறிந்துவிட்டு மாடிக்குப் போய்விடுவாள். தலை பின்னுவது அங்கே, வீட்டுப்பாடம் அங்கே, காய்ச்சல் வந்தால்கூட மங்களாத்தை ரசம்தான் வேண்டும். ரத்தினாவதிக்கு அதில் பொறாமை கிடையாது, பெரிய வசதி என்றுதான் இருந்தாள். பெரியவளானபோது முதல் புடவை அங்கிருந்துதான் வந்தது. தெய்வநாயகம் கீழே நின்று மாடியைப் பார்ப்பார். இரண்டு தலையும் ஒன்றாகச் சேர்ந்து ஏதோ புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கும். மங்களா இவரைக் கண்டு ஒரு நாளும் முகம் திருப்பியதில்லை. குழாயடியில் பார்த்தால், “அண்ணே, மோட்டார் போட்டாச்சா” என்பாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் இவரை எப்படியும் கூப்பிட்டதில்லை, பெயரும் இல்லை, முறையும் இல்லை, பார்த்தால் சும்மா ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். இவருக்கு ரத்தினாவதியோடு கல்யாணம் ஆகி வந்த மறுநாள் முதல் முறையாக அண்ணே என்றாள். அந்த அண்ணேயில் என்ன இருக்கிறது என்று தெய்வநாயகம் இருபத்தொன்பது வருஷமாக உரசிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒன்றும் தெரியவில்லை. அவளுக்குத் தெரியுமா? யார் சொல்லியிருப்பார்கள்? அருப்புக்கோட்டைக்காரர்கள் தரகரிடம் சொல்லி, தரகர் வாத்தியாரிடம் சொல்லி, சைக்கிள் செயின் மாட்டிக்கிட்டிருந்த பையன்தான் என்று... தெரிந்திருந்தால் இப்படி ரசம் வைத்துக் கொடுப்பாளா. தெரியாமல் இருந்தால் சிந்துஜாவுக்கு வந்த முதல் இரண்டு வரனும் ஏன் விசாரித்த மறுநாள் பதில் சொல்லாமல் நின்றுபோயின? இரண்டு தடவையும் மாடிப்படி ஏறிப் போனார்கள். அதை இவர் கண்ணால் பார்த்தார்.

இடைவேளையில் எல்லாரும் எழுந்து போனார்கள். தெய்வநாயகம் நாற்காலியில் இருந்தபடியே கைபேசியைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ரத்தினாவதியைக் கூப்பிடலாமா? கூப்பிட்டால் திட்டுவாள். தெரியாத மாதிரி இருக்கிற நேரத்தில் போன் மணி அடித்தால் அது எவ்வளவு பெரிய சத்தம். பக்கத்து இருக்கைக்காரர், இவர் வயதுதான் இருக்கும், முறுக்குப் பொட்டலத்தை நீட்டி, “எடுத்துக்கங்க சார். சின்ன வயசுல பார்த்தப்ப ஒண்ணுக்கே போயிட்டேன். இப்ப பாருங்க, எல்லாம் கேலிக்கூத்தா இருக்கு” என்றார். தெய்வநாயகம் ஒரு முறுக்கை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டார். “அந்த ஒன்பதாவது ஆள் என்ன ஆவான்னு ஞாபகம் இருக்கா?” என்று கேட்டார். முறுக்குக்காரர் யோசித்துப் பார்த்துவிட்டு, “கொள்ளுல்ல அவனுக்கு? குதிரை மிதிக்குமோ என்னமோ” என்றார். தெய்வநாயகத்துக்கும் ஞாபகம் இல்லை. எட்டுச் சாவும் தூக்கத்தில் வந்து பயமுறுத்தியிருக்கின்றன, ஒன்பதாவது மட்டும் அண்ணனின் மடியோடு இருட்டாகிப் போயிருந்தது. சிந்துஜா நேற்று ராத்திரி சாப்பிடும்போது, “இதுவும் தட்டிப்போச்சுன்னா எனக்கு இனிமே யாரையும் பார்க்க வேண்டாம்ப்பா” என்று சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அழவில்லை. அந்தப் பையனோடு அவள் பேசிய கால்மணி நேரம் அவள் முகத்தில் ஒரு மாதமாக இருக்கிறது. குழந்தை என்ன செய்தாள்? அவள் ஒன்றும் செய்யவில்லை. ஜோசியருடைய பட்டியலில் குழந்தைகள் இல்லை, ஒன்பது பேரையும் தனித்தனியாகத் தேடிப் பிடித்துத்தான் கொல்கிறார், அந்த வகையில் அவர் நியாயஸ்தர். நிஜத்தில் அப்படி இல்லை. நிஜத்தில் ஏணியும் வேண்டாம், அண்டாவும் வேண்டாம், பீப்பாயும் வேண்டாம். மாடியில் ஒருத்தி தண்ணீர்ச் செம்பை நீட்டிவிட்டு ஒரு கணம் யோசித்தால் போதும்.

சனிக்கு எள். ஏழாவது ஆளைச் செக்கில் போட்டு, கறுப்புத் துணி போர்த்திய காளையை ஜோசியரே ஓட்டுகிறார், காளை மரியாதையாகச் சுற்றி வருகிறது. எண்ணெய் வழிகிறது. பிள்ளைகள், “இதயத்துக்கு நல்லது” என்றார்கள். எண்ணெய், எண்ணெய். தெய்வநாயகம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். துணியில் துடைத்த அந்த நேரம் முழுக்க அவர் மனதில் என்ன ஓடியது என்பது அவருக்கு மறக்கவே இல்லை, மறந்த மாதிரிதான் முப்பத்தொரு வருஷம் இருந்தார், தெரியாத மாதிரி இருப்பதில் அவர் வீடே தேர்ந்த வீடு. காலையில் ஆறே முக்காலுக்கு அவர் ஷிப்டுக்குக் கிளம்பும்போது மங்களா மாடியில் நின்று தலை துவட்டுவாள். ஒரு நாள் பார்க்காவிட்டால் மில்லில் நாள் முழுக்க எதிலும் மனம் நிற்காது. அவ்வளவுதான் விஷயம், ஒரு கடிதம் இல்லை, ஒரு பேச்சு இல்லை. அவளைப் பெண் கேட்கலாம் என்று ஒரு தடவை நினைத்தார். சாதி வேறு, நடக்காது என்று அம்மா சொல்லுவாள், அம்மா சொல்வதற்கு முன்னாலேயே தானே சொல்லிக்கொண்டார். கேட்க மாட்டார். ஆனால் அருப்புக்கோட்டை என்றதும், அருப்புக்கோட்டைக்குப் போய்விடுவாளே என்றுதான் வந்தது. கையைத் துடைத்துக்கொண்டே அதைத்தான் நினைத்தார். போகாமல் இருந்தால் நன்றாக இருக்கும். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும். நல்ல பொண்ணுங்க என்றால் போய்விடுவாள், கெட்டது சொல்ல நாக்கு வராது, ஆகையால் சொல்லக் கூடாதுங்க. இன்னும் கொஞ்ச நாள்தான் கேட்டார், ஆயுசுக்கும் கிடைத்தது. அடுத்த ஒன்றரை வருஷத்தில் அவர் பாட்டுக்கு அம்மா பார்த்த பெண்ணுக்குத் தாலி கட்டி அதே காம்பவுண்டுக்குக் கூட்டி வந்தார், மங்களா மாடியிலிருந்து இறங்கி வந்து ஆரத்தித் தட்டைப் பிடித்தாள். திரையில் எண்ணெய் மங்கலாகிப் போயிற்று. முறுக்குக்காரர் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. தெய்வநாயகம் இருமுகிற மாதிரி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எட்டாவது ஆள் அப்போது ராட்சத ஆட்டுரலுக்குள் உளுந்து மாவில் கழுத்தளவு நின்றுகொண்டிருந்தான். “வந்துட்டுப் போயிட்டாங்க” என்று ரத்தினாவதி ரகசியக் குரலில் சொன்னாள், அவர்கள் இன்னும் கேட்டில் நிற்கிற மாதிரி. “யார் வீட்டுக்குப் போனாங்க?” “மத்த வீட்டுல எல்லாம் நின்னமேனிக்கு ரெண்டு பேச்சு. மங்களாக்கா வீட்டுலதான் ஏறி உக்காந்துட்டாங்க. அரைமணி நேரம். காப்பி போட்டுக் குடுத்திருக்காங்க.” “என்ன சொன்னாளாம்?” “எனக்கெப்படித் தெரியும்? போய்க் கேக்க முடியுமா? அக்கா இன்னும் கீழ எறங்கல. தரகர் ராத்திரிக்குள்ள சொல்றேன்னாரு.” அரைமணி நேரம். நல்ல பெண் என்று சொல்ல அரைமணி நேரம் எதற்கு? ஆகாது என்று சொல்லத்தான் நேரம் வேண்டும், சுற்றி வளைக்க வேண்டும், முப்பத்தொரு வருஷத்தை முதலிலிருந்து எடுக்க வேண்டும். எழுந்து போய்விடலாம் என்று கையை ஊன்றினார். போய் என்ன செய்வது, மாடிப்படி ஏறிக் காலில் விழுவதா, எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது?

ஒன்பதாவது ஆள் வந்துவிட்டான். ஒல்லியாக, பயந்த கண்ணோடு, கைகட்டி நிற்கிறான். விசாரிக்க வந்தவர்களிடம் ஒன்றுமே சொல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவன் அவன்தான். ஜோசியர் அவனைக் குகைக்குள் இழுத்து வந்து கொள்ளுக் குவியலின் நடுவே உட்கார வைக்கிறார். வெளியே குதிரைகள் கனைக்கின்றன. ஜோசியர் பெரிய சக்கரத்தைச் சுற்றி, வெந்த கன்னம் துடிக்க, “எட்டுப் பேருக்கும் நாள் குறித்தேன். உனக்கு நாள் குறிக்கவில்லை. போ” என்கிறார். “என்றைக்கு வருவீர்கள்?” என்று அவன் கேட்கிறான். ஜோசியர் பதில் சொல்லாமல் ஹார்மோனியத்தின் முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறார். பிறகு அந்த ஆள் வீட்டில் சோற்றைப் பிசைகிறான், கதவு தட்டினால் நடுங்குகிறான், பிள்ளை பெறுகிறான், தலை நரைக்கிறது. வெள்ளை விக் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. குளம்புச் சத்தம் கேட்கிறதா என்று ஜன்னலில் காதை வைத்தபடியே இருக்கிறான், அதோடு படம் முடிந்தது. பிள்ளைகள் விக்கைப் பார்த்துச் சிரித்துக் கைதட்டினார்கள். “நடிப்புன்னா இது நடிப்பு” என்று ஒருவன் விசிலடித்தான். விளக்குப் போட்டபோது தெய்வநாயகத்தின் கையில் இருந்த முறுக்கு பொடியாகிப் போயிருந்தது. வேட்டியெல்லாம் முறுக்குத் தூள். எழுந்து தட்டிவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். ஐந்து நாற்பது ஆகியிருந்தது, வெயில் இன்னும் போகவில்லை.

காம்பவுண்டுக்குள் நுழையும்போதே சத்தம் கேட்டது. இவர் வீட்டு வாசலில் நாலு வீட்டுச் செருப்பும் கிடந்தது. சம்மதம் சொல்லிவிட்டார்கள், அவர்கள் பஸ் ஏறும் முன்னாலேயே தரகர் போனில் பேசிவிட்டாராம். உள்ளே ரத்தினாவதி சர்க்கரையை எல்லார் வாயிலும் போட்டுக்கொண்டிருந்தாள். சிந்துஜா மங்களாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள், மங்களா அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். “அக்காதாங்க காரியத்தை முடிச்சது” என்றாள் ரத்தினாவதி. “அந்தப் பெரியப்பா சொன்னாராம், அந்தம்மா அரைமணி நேரம் எங்களை விடல, பொண்ணு சின்ன வயசுல வாங்குன பரிசையெல்லாம் எடுத்துக் காட்டுச்சுன்னு.” தெய்வநாயகத்துக்கு உட்கார வேண்டும் போல் இருந்தது. யாரும் நாற்காலி போடவில்லை. அவரே சுவரைப் பிடித்துக்கொண்டார். மங்களா சிந்துஜாவை விலக்கிவிட்டு, “வர்றேன், அடுப்புல பால் இருக்கு” என்று வெளியே வந்தாள். வாசலில் நின்று, “அண்ணே, ஒரு நிமிசம்” என்றாள்.

தெய்வநாயகம் பின்னால் போனார். மங்களாவுக்கு ஐம்பத்து நாலு வயது, முன்நெற்றியில் நரை, கையில் இன்னும் சர்க்கரை ஒட்டியிருந்தது. அவள் குரலைத் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை. “அருப்புக்கோட்டைக்காரங்க வந்தன்னைக்கு நான் படியிலதான் நின்னேன். துணி காயப்போட்டுட்டு எறங்கினேன், பேச்சு கேட்டுச்சு, நின்னுட்டேன்.”

“மங்களா...”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஏன் அப்படிச் சொன்னீங்கன்னும் தெரியும். தினம் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். அப்பாகிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதைச் செய்யல, இதைச் செஞ்சீங்க.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் பாவி என்று மட்டும் உள்ளுக்குள் வந்தது, அதைச் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

“முன்னாடி வந்த ரெண்டு எடத்துக்கும் நான் நல்லபடியாத்தான் சொன்னேன். நீங்க என்ன நெனச்சீங்களோ. சிந்து எனக்கும் பிள்ளைதான்.” அவள் கையிலிருந்த சர்க்கரையை முந்தானையில் துடைத்தாள். “அவ கல்யாணம் முடியிற வரைக்கும் இப்ப இருக்கிற மாதிரியே வந்து போயிட்டு இருப்பேன். யாருக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம். அவ புருசன் வீட்டுக்குப் போனதுக்கப்புறம் நீங்க எங்கூடப் பேச வேண்டாம். எதிர்ல பார்த்தாலும் வேண்டாம். இத்தனை வருசம் பேசினது அவளுக்காகத்தான். இனிமே என்னால முடியாது.”

உள்ளேயிருந்து ரத்தினாவதி நாட்காட்டியைப் பிரித்தபடி வாசலுக்கு வந்தாள். “ஏங்க, ஆடியில வைக்க முடியாது. அவங்க ஆவணியிலயே வச்சிரலாம்னு கேக்கறாங்களாம். எனக்கென்னமோ தை சரின்னு படுது. மண்டபம் கிடைக்கணும், பலகாரம், பாத்திரம்னு எல்லாம் நிதானமா செய்யலாம். ஆறு மாசம் நம்ம பிள்ளை நம்மகூட இருக்கும். நீங்க சொல்லுங்க, அக்கா நீங்களும் சொல்லுங்க.”

மங்களா குனிந்து தன் செருப்பைத் தேடினாள். தெய்வநாயகம் நாட்காட்டியைப் பார்க்கவில்லை. தை என்றால் மங்களா இன்னும் ஆறு மாதம் அண்ணே என்று கூப்பிட வேண்டும்.

“ஆவணியே இருக்கட்டும்” என்றார்.

ரத்தினாவதி, “என்ன இப்படி ஒரே அடியா சொல்றீங்க, கொஞ்சம் யோசிங்களேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மங்களா செருப்பைப் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனாள்.